பிரெஞ்சு டோஸ்ட்: வெளியே கருகுகிறது, உள்ளே ஈரமாகவே நிற்கிறது

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக என் மகளுக்குப் பிரெஞ்சு டோஸ்ட் செய்து கொடுக்க முயன்று, மூன்று முறையும் தோற்றுவிட்டேன். வெளிப்புறம் தோசைக்கல்லின் நிறத்துக்கே வந்துவிடுகிறது. கத்தியால் நடுவில் வெட்டிப் பார்த்தால் மேலும் கீழும் வெந்திருக்க, இடையில் மஞ்சளாக ஒரு பட்டை, கிளறி முடிக்காத கேசரியைப் போலக் கொழகொழவென்று தெரிகிறது. போன வாரம் கலவையிலிருந்து தூக்கும்போதே ஒரு துண்டு இரண்டாகக் கிழிந்து, பாதி கிண்ணத்திலேயே தங்கிவிட்டது. போதாக்குறைக்கு முட்டைக் கவுச்சி வேறு. வாசலில் நின்றாலே மூக்கில் ஏறுவதாக என் மாமியார் சொல்கிறார்.

நான் செய்தது இதுதான்: இரண்டு முட்டை, 400 மில்லி பாக்கெட் பால், நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை, சிறிது பட்டைத்தூள். அன்று காலை வாங்கிய மில்க் பிரெட்டைப் பத்து நிமிடம் இதில் ஊறவைத்து, இரும்புத் தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு, பெரிய தீயில் சுட்டேன். பத்து நிமிடம் ஊற வேண்டும் என்பதை ஒரு காணொளியில் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவன் (பேக்கிங் அடுப்பு) இல்லை. எங்கே தவறு என்று யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அடுமனைக்காரர் எழுதியது:

ஐயா, ஒரே ஒரு கேள்வி. பிரெட் ஏற்கெனவே துண்டு போட்டு வந்ததா, நீங்கள் வெட்டியதா? காணொளியில் இருந்தது எந்த பிரெட்?

காவிரிக்கரை எழுதியது:

துண்டு போட்டு வந்ததுதான். அளந்து பார்த்தேன், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக இருக்கிறது. காணொளியில் அவர் பயன்படுத்தியது பிரியோஷ் என்னும் பிரெஞ்சு ரொட்டி. துண்டு ஒவ்வொன்றும் இரண்டு விரல் கனம் இருந்தது.

அடுமனைக்காரர் எழுதியது:

அப்படியானால் உங்கள் சிக்கலில் முக்கால் பங்கு அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. பிரியோஷ் மாவில் முட்டையும் வெண்ணெயும் முன்பே சேர்ந்திருப்பதால், அதைக் கனமாக வெட்டி ஒரு நாள் காயவிட்டு ஊறவைத்தாலும் உருக்குலையாமல் நிற்கும். நம் மில்க் பிரெட் அப்படிப்பட்டதன்று. அன்றைய பிரெட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீராகவே இருக்கும். ஏற்கெனவே நனைந்த பஞ்சைப் பாலில் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே நடக்கிறது. புதிதாக உள்ளே போகும் கலவையைத் தாங்கும் வலு அதன் சதைக்கு இல்லாததால் கிழிகிறது.

ஆகவே முதலில் பிரெட்டைக் காயவையுங்கள். பழைய பிரெட் என்று சொன்னால், பையை முடிச்சுப் போட்டு இரண்டு நாள் வைத்திருந்து எடுக்கிறார்கள். அல்லது குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார்கள். அதனால் பிரெட் விறைக்குமே தவிர, ஈரம் வெளியேறாது. குளிரில் மாவுச்சத்து மீண்டும் இறுகிக்கொள்வதுதான் அந்த விறைப்பு. நமக்கு வேண்டியது உலர்ச்சி. அவன் உள்ளவர்கள் 110 டிகிரியில் பதினைந்து இருபது நிமிடம் வைக்கலாம். நீங்கள் காய்ந்த கல்லில், எண்ணெய் தொடாமல், சிம்மில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நிமிடம் போட்டு எடுத்துக் கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். மேற்பரப்பு ரஸ்க் போலச் சொரசொரப்பாகவும், நடுவில் அழுத்தினால் இலேசாக உள்வாங்குவதாகவும் இருந்தால் போதும். இரவே எடுத்து மின்விசிறிக்குக் கீழே பரப்பலாம் என்றும் சொல்வார்கள். எறும்பு வராத வீடாக இருந்தால் செய்யுங்கள்.

அடுத்து அளவு. இரண்டு முட்டைக்கு 400 மில்லி பால் என்றால் கலவை மிகத் தளர்வாகத்தான் இறுகும். மூன்று முட்டைக்கு 240 மில்லி பால் வையுங்கள். முட்டை சிறியதாக இருந்தால் நான்கு. சர்க்கரை ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். சர்க்கரை கூடினால் மேற்பரப்பு சீக்கிரம் கருகும். அதோடு முட்டை இறுகுவதற்கு வேண்டிய சூடும் ஏறும். அதாவது வெளியே முந்தும், உள்ளே பிந்தும். நீங்கள் எழுதியிருப்பதும் இதைத்தானே? இனிப்பை மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

தீ. பால் கலந்த முட்டை இறுகுவதற்கு ஏறத்தாழ 80 டிகிரி போதும். பொன்னிறம் வருவதற்கோ மேற்பரப்பு 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். பெரிய தீயில் இரண்டாவது வேலை ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் வேலை தொடங்கியே இருக்காது. மிதமான தீக்கும் சிம்முக்கும் நடுவில் வைத்து, இரண்டு சென்டிமீட்டர் துண்டானால் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் பொறுங்கள். முடிந்தால் பேக்கரியில் துண்டு போடாத பிரெட்டாகக் கேட்டு வாங்கி நீங்களே வெட்டுங்கள். அந்தக் கனத்தில், காய்ந்த துண்டு பக்கத்துக்கு ஒரு நிமிடம் ஊறினால் சரி. கடைத் துண்டுதான் கிடைக்கிறது என்றால் பக்கத்துக்குப் பத்து விநாடி, அதற்கு மேல் கூடாது.

பாரிஸ் சமையலறை எழுதியது:

மேலே சொன்னவற்றுடன் உடன்படுகிறேன். இங்கே இதற்குப் பெயரே ‘பேன் பெர்டு’, வீணாய்ப்போன ரொட்டி என்று பொருள். காலையில் வாங்கிய பகெத் என்னும் நீள ரொட்டி மறுநாள் தடிபோல விறைத்துவிடும். அதை எறிய மனமில்லாதவர்கள் கண்ட வழி இது. ஜெர்மானியர்கள் இதையே ‘ஏழை வீரர்கள்’ என்கிறார்கள். பழைய ரோமானியச் சமையல் குறிப்பு ஒன்றில் முட்டையே கிடையாது: ஓரம் நீக்கிய வெள்ளை ரொட்டியைப் பாலில் நனைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றுகிறார்கள். ரொட்டி காய்ந்து போனதுதான் இந்தப் பண்டத்துக்குக் காரணமே. புது பிரெட்டில் தொடங்கினால் தலைகீழாகத்தான் வரும்.

நம் ஊரிலும் இலங்கையிலும் பாம்பே டோஸ்ட் என்று செய்வது, மெல்லிய துண்டை முட்டையில் தோய்த்த கையோடு கல்லில் போடுவது. அது அதன் முறையில் மிகச் சரியானது. காவிரிக்கரை அவர்கள் பாம்பே டோஸ்ட்டின் பிரெட்டை எடுத்து, பேன் பெர்டுவின் நேரத்துக்கு ஊறவைத்துவிட்டார்.

கவுச்சியைப் பற்றி ஒரு சொல். வெள்ளைக்கரு அளவுக்கு மீறிச் சூடேறும்போது வெளிவரும் கந்தக வாடைதான் அது. தீயைக் குறைத்தாலே பாதி போய்விடும். மூன்று முழு முட்டைக்குப் பதிலாக இரண்டு முழு முட்டையும் இரண்டு மஞ்சள்கருவும் போட்டால் இன்னும் நல்லது. ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி வெனிலா, கிடைத்தால் ஆரஞ்சுத் தோலின் துருவல். தோலுக்கு அடியிலுள்ள வெண்மை கசக்கும், அதைத் தொட வேண்டாம்.

விடுதிச் சமையல் எழுதியது:

காலைச் சிற்றுண்டிக்கு நாற்பது ஐம்பது தட்டு போடும் இடத்தில் வேலை செய்கிறேன். வெண்ணெயை மட்டும் விட்டால் அதிலுள்ள பால்திடம் கருகிக் கசக்கும். பாதி வெண்ணெய், பாதி வாசனையற்ற எண்ணெய் என்று கலந்து விடுங்கள். நெய்யில் கருகாது, ஆனால் நெய் மணம் வெனிலாவை அமுக்கிவிடும். நாங்கள் இரண்டு பக்கமும் நிறம் ஏற்றிவிட்டு, 180 டிகிரி அவனில் எட்டு நிமிடம் வைத்துத்தான் தட்டில் போடுவோம். அவன் இல்லாமல் கனமான துண்டு உள்ளே வேகும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுமனைக்காரர் எழுதியது:

நாற்பது தட்டுக்கு அது வேண்டும். நான்கு துண்டுக்கு வேண்டாம். இரண்டாவது பக்கம் திருப்பியதும் ஒன்றரை நிமிடம் மூடி போட்டுவிட்டுத் திறந்தால், ஆவியே உள்ளே வேகவைத்துவிடும். கடைசி ஒரு நிமிடம் திறந்தே இருக்கட்டும், இல்லையேல் மேல்தோல் நமுத்துவிடும்.

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று காலை செய்தேன். துண்டு போடாத பிரெட் வாங்கி, இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, கல்லிலேயே காயவைத்து, சொன்ன அளவில் சொன்ன நேரம் ஊறவைத்தேன். முதல் துண்டை வெட்டியபோது அந்த மஞ்சள் பட்டை இல்லை. உள்ளே ஒரே சீராக, விரலால் அழுத்தினால் மெல்ல எழும்பி வந்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பாராட்டு.

ஆனால் இரண்டு குறைகள். மேற்பரப்பில் அங்கங்கே ஆம்லெட் துணுக்கு போல வெள்ளைத் திட்டுகள் ஒட்டியிருந்தன. மேலும், முதல் மூன்று துண்டுகள் பொன்னிறமாக வர, அதே தீயில் நான்காவது மட்டும் கரும்புள்ளிகளோடு வந்தது.

பாரிஸ் சமையலறை எழுதியது:

திட்டுகள், உடையாத வெள்ளைக்கரு. பாலை முதலிலேயே ஊற்றிவிட்டால் முட்டை வழுக்கிக்கொண்டு ஓடும், அடிபடாது. முட்டையையும் உப்பையும் மட்டும் முதலில் நன்றாக அடித்து, பிறகு பாலைச் சேர்த்து, டீ வடிகட்டியில் ஒரு முறை வடித்துவிடுங்கள். பட்டைத்தூளைச் சர்க்கரையோடு கலந்து போட்டால் கட்டியாக மிதக்காது. வடித்த பிறகு போடுங்கள்.

விடுதிச் சமையல் எழுதியது:

நான்காவது துண்டுக்குக் காரணம் உங்கள் இரும்புக்கல். அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று துண்டு போட்டெடுப்பதற்குள் தொடங்கியபோது இருந்ததைவிட மிகவும் ஏறியிருக்கும். முன்பு விட்ட வெண்ணெயின் கசடும் கல்லிலேயே கிடந்து தீய்ந்து அடுத்த துண்டில் ஒட்டும். இரண்டு துண்டுக்கு ஒரு முறை அடுப்பை அணைத்து, மடித்த துணியால் கல்லைத் துடைத்து, அரை நிமிடம் கழித்துப் புது வெண்ணெய் விடுங்கள். மூடி விஷயத்தில் அடுமனைக்காரர் சொன்னதை இன்று வீட்டில் செய்து பார்த்தேன். வெந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

காவிரிக்கரை எழுதியது:

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: கலவையில் கால் கிண்ணம் மீந்திருக்கிறது. நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?

அடுமனைக்காரர் எழுதியது:

வேண்டாம். பச்சை முட்டை, பிரெட் தோய்ந்த பால், போதாததற்குக் காலையிலிருந்து அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கும், கொட்டிவிடுங்கள். அடுத்த முறை மீந்தால், கடைசித் துண்டை எடுத்த சூட்டோடு சின்னக் கிண்ணத்தில் வடித்து, மேலே ஒரு தட்டை மூடி, இட்லிப் பானையில் சிம்மில் பத்து நிமிடம் வையுங்கள். அசைத்தால் நடுவில் மட்டும் சற்றே ஆட வேண்டும். அப்போது இறக்கிவிடலாம்.