பிக்கப் வாங்கும்போது மோதல் சோதனையைப் பார்க்கணுமா, ரோட்டைப் பார்க்கணுமா?

சூளகிரிக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். ரோஜாவும் குடைமிளகாயும் ஏத்த ஒரு பிக்கப் எடுக்கலாம்னு இருக்கேன். சாயங்காலம் இங்க லோடு ஏத்தினா விடியறதுக்குள்ள கோயம்பேடு போயாகணும். பழைய வண்டி ஒண்ணு நல்ல நிலைமையில வருது, ஏர்பேக் கிடையாது. "சேசிஸ் (அடிச்சட்டம்) கனம், அதையே எடு"ங்கறார் அப்பா. ஓசூர்ல வேலை பார்க்கற தம்பி ஏர்பேக், ஏபிஎஸ் (அழுத்தி பிரேக் அடிச்சாலும் சக்கரம் பூட்டிக்காத வசதி) இருக்கற புதுசுதான்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான். காரையெல்லாம் மோதிப் பார்த்து நட்சத்திரம் போடறாங்களே, நாம ஓட்டற பிக்கப்புக்கு ஏன் அப்படி ஒண்ணும் கண்ணுல படல? எதை வச்சு முடிவு பண்றது?

பாலக்கோடு லோடு
அப்பா சொல்றதுதான் சரி தம்பி. தக்காளி சீசன்ல ராத்திரி ராத்திரியா இதே ரோட்டுல ஓட்டறவன் சொல்றேன். காரும் பிக்கப்பும் மோதினா காருதான் அப்பளமாகும், பிக்கப்காரன் கதவைத் திறந்து இறங்கி வருவான். கண்ணால பார்த்தது இது. அந்தச் சோதனை ஏசி ரூம்ல, காலி வண்டியில, பொம்மையை உட்கார வச்சுப் பண்றது. நாம ஓட்டறது ஒன்றரை டன் தக்காளியோட, தொப்பூர் கணவாய் இறக்கத்துல.

ஓசூர் டூல்ரூம்
சூளகிரி நண்பருக்கு: கண்ணில் படாததற்குக் காரணம் இருக்கிறது. வண்டியை மோதிப் பார்த்து நட்சத்திரம் தரும் நம் நாட்டுத் திட்டமான பாரத் என்கேப் 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆனால் அது பயணிகள் வண்டிக்கு மட்டும்: டிரைவரைத் தவிர எட்டுப் பேர் வரை உட்காரும், 3.5 டன்னுக்கு மேற்படாத வண்டிகள். சரக்குப் பிக்கப் அந்தக் கணக்கிலேயே வராது. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் பூவும் காயும் மாம்பழமும் இந்த வண்டிகளில்தான் போகின்றன, தோஸ்த் என்ற பிக்கப் ஓசூரிலேயே தயாராகிறது. அப்படியிருந்தும் அவற்றை ஓட்டுபவனுக்கு ஒரு நட்சத்திரத் தாள் கிடையாது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

அண்ணா, கனம் காப்பாற்றும் என்பது பாதி உண்மை. இரண்டு டன் வண்டியும் ஒரு டன் வண்டியும் நேருக்கு நேர் மோதினால் சின்ன வண்டியின் வேகம் இரண்டு மடங்கு அதிகமாக மாறும். நீங்கள் பார்த்தது அதைத்தான். ஆனால் என்எச் 44-ல் உங்கள் எதிரி கார் இல்லையே, நாற்பது டன் டிரெய்லர்! அங்கே அந்த ஒரு டன் கார் நீங்கள்தான்.

பாலக்கோடு லோடு
டிரெய்லர்ல மோதினா எந்த நட்சத்திரமும் நிக்காது. அதைத்தான் நானும் சொல்றேன். சோதனை 64 கிலோமீட்டர்ல. நாங்க போறது 80, 90. அப்புறம் அந்த நட்சத்திரத்தால என்ன லாபம்?

ஓசூர் டூல்ரூம்
64-லிருந்து 90-க்குப் போனால் மோதும் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 90-ல் போகிறவன் 90-லேயே போய் முட்டுவதில்லை. பெரும்பாலும் பிரேக்கை மிதித்து வேகம் குறைந்த பிறகுதான் முட்டுகிறான். 64-ல் தாங்கும் கேபினுக்கும் அங்கேயே மடங்கும் கேபினுக்கும் நடுவில்தான் ஒருவனுடைய கால் தப்புவதும் போவதும் இருக்கிறது.

"சேசிஸ் கனம்" என்பதற்கு இரண்டு உதாரணம். 2016 மே மாதம் குளோபல் என்கேப் என்ற சர்வதேச மோதல் சோதனை அமைப்பு ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவை மோதிப் பார்த்தது. பூஜ்யம். 2022-ல் ஸ்கார்பியோ-என் பெரியவர்களின் பாதுகாப்பில் 5 நட்சத்திரம் வாங்கியது. இரண்டுமே சேசிஸ் மேல் பாடி வைத்த வண்டிகள்தான். சேசிஸ் இருப்பதால் மட்டும் உயிர் தப்பிவிடுவதாக இருந்தால் முதல் வண்டி ஏன் பூஜ்யம் வாங்கியது?

அடுத்தது அசல் பிக்கப். ஆப்பிரிக்காவில் விற்ற நிசான் என்பி300 ஹார்ட்பாடி. 2018 சோதனையில் அதற்கும் பூஜ்யம், இரண்டு ஏர்பேக் இருந்தும். கேபின் மடங்கிவிட்டது. மறு ஆண்டு அந்தப் புது வண்டியையும் ஐரோப்பாவில் ஓடிய, அதே நிசானின் 2015 நவாரா பிக்கப் ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். புது ஹார்ட்பாடியின் டிரைவர் பிழைத்திருக்க மாட்டார், பழைய நவாராவின் டிரைவர் நடந்தே போயிருப்பார் என்பதுதான் முடிவு. பிக்கப்புக்குப் பிக்கப். அங்கே கனத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

தொப்பூர் டிங்கர்
நான் பாடி வேலை பார்க்கறவன். மோதின வண்டி எங்க பட்டறைக்குத்தான் வருது, அதனால சொல்றேன். டூல்ரூம் சொல்ற கேபின் விஷயம் நூத்துக்கு நூறு சரி. சேசிஸ் நேரா நிக்கும், கேபின் அதுமேல போல்ட்டுல உட்கார்ந்திருக்கும், முன்னாடி மூக்கு இல்லாத வண்டின்னா டிரைவரோட முட்டிக்கு முன்னால ஒரு தகரம், ஒரு லைட்டு. அவ்வளவுதான் இருக்கும். மூக்கு இருக்கற வண்டியில நசுங்கறதுக்குன்னு ஒரு இடமாவது கிடைக்கும்.

ஆனா பாலக்கோட்டு அண்ணன் ஒண்ணு சொல்லாம விட்டுட்டார். நம்ம ரோட்டுல பிக்கப்புக்கு எமன் எதிர்ல வர்ற வண்டி இல்ல, ஓரமா நிக்கற லாரி. பின்னாடி லைட் இருக்காது, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் அழுக்குல மறைஞ்சு கிடக்கும். தூக்கக் கலக்கத்துல போய் அதுக்கடியில நுழையறான். பம்பரும் சேசிஸும் எதையும் தொடவே தொடாது, லாரியோட பாடி நேரா கண்ணாடி உயரத்துக்கு உள்ள வந்துடும். லாரிக்குப் பின்னால தடுப்புக் கம்பி வைக்கணும்னு விதி இருக்கு. எத்தனை லாரியில அது வளையாம துருப்பிடிக்காம இருக்கு? சோதனையில மோதற தடுப்பு பம்பர் உயரத்துல இருக்கு, அதனால வண்டி தன் பலத்தைக் காட்ட முடியுது. லாரி அடியில அந்தப் பலம் வேலைக்கே வராது.

பாலக்கோடு லோடு
அப்படிச் சொல்லுங்க! இதுக்கு எந்தச் சோதனை இருக்கு? முன்னாடி நல்ல கனமான இரும்பு கார்டு அடிச்சு விட்டா அதுதான் காப்பாத்தும்.

தொப்பூர் டிங்கர்
இல்லண்ணா, அது வேண்டாம். கேட்டு வர்றவங்களுக்கும் நான் அடிச்சுக் கொடுக்கறதில்ல. கார்டு நேரா சேசிஸ்ல போல்ட் ஆகுது. நசுங்க வேண்டிய தகரம் நசுங்காது, அடி முழுசா உள்ள இருக்கறவனுக்கு வந்து சேரும். ஏர்பேக் வண்டின்னா எப்ப விரியணும்ங்கற கணக்கே குழம்பிப் போகும். குறுக்க வர்ற பைக்காரனும் நடந்து போறவனும் அந்த இரும்புலதான் அடிபடுவான். 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதைக் கழட்டச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியாச்சு.

சூளகிரிக்காரன்
அப்ப இறக்கத்துல பின்னாடி வர்ற லாரி? 2020 டிசம்பர்ல தொப்பூர்ல சிமெண்ட் லாரி வந்து நின்னுட்டிருந்த வண்டிகள் மேல ஏறினதை நினைச்சாலே வீட்ல அம்மா வண்டியே வேண்டாங்கறாங்க.

ஓசூர் டூல்ரூம்
அதற்கு எந்த வண்டியும் பதிலாகாது நண்பரே. அது ரோடும் லாரியின் பிரேக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். கணவாயில் கியரைக் குறைத்து இறங்க லாரிக்காரர்களைப் பழக்க வேண்டும், ரோட்டின் அமைப்பையும் மாற்ற வேண்டும். நீங்கள் இன்று முடிவெடுக்க வேண்டியது வாங்கப்போகும் வண்டியைப் பற்றி.

காரிமங்கலம் செவிலி
இவ்வளவு நேரமா எல்லாருமே கேபினைப் பத்தித்தான் பேசறீங்க. நான் அவசரப் பிரிவுல ராத்திரி ட்யூட்டி பார்க்கறவ. பிக்கப் விபத்துன்னு தூக்கிட்டு வர்றவங்கள்ல எங்களை உலுக்கறது கேபின்ல இருந்தவங்க இல்ல, பின்னாடி தொட்டியில உட்கார்ந்து வந்தவங்க. தக்காளி பறிக்கப் போன பொம்பளைங்க, கோயிலுக்குப் போன குடும்பம், எழவு வீட்டுக்குப் போன ஊர்க்காரங்க. ஒரு திருப்பத்துல வண்டி சாய்ஞ்சா போதும், அத்தனை பேரும் ரோட்டுல. தலையில அடி, இடுப்பெலும்பு, முதுகுத்தண்டு. வண்டிக்கு ஒரு கீறல் இருக்காது. டிரைவர் நின்னு போன் பேசிட்டிருப்பார். அந்தத் தொட்டிக்கு எந்த நாட்டுலயும் நட்சத்திரம் போட முடியாது, அங்க சீட்டும் இல்ல பெல்ட்டும் இல்ல.

கேபின்லயும் ரெண்டு பேர் சீட்டுல மூணு பேர், நடுவுல உட்கார்ந்தவருக்கு பெல்ட் கிடையாது. பெல்ட் போடாம ஏர்பேக் முன்னால உட்கார்ந்தா அந்த ஏர்பேக்கே முகத்துல அறையும்.

பாலக்கோடு லோடு
அக்கா, நீங்க சொல்றது மனசுக்குப் படுது. ஆனா பறிக்கற வேலை விடியக்காலம் நாலு மணிக்கு. அந்த நேரத்துக்கு எங்க ஊருக்கு எந்த பஸ் வருது? ஆளுங்களே வண்டியில ஏறி உட்கார்ந்துக்கறாங்க. இறங்கச் சொன்னா அன்னிக்குக் கூலி போச்சு அவங்களுக்கு. நான் ஏத்தலன்னா வேற வண்டி ஏத்தும்.

காரிமங்கலம் செவிலி
வேற வண்டி ஏத்தும்ங்கறதை என்னால பதிலா எடுத்துக்க முடியாதுண்ணா. சரக்கு வண்டியில பயணியா ஏத்திட்டுப் போனவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லன்னு உச்ச நீதிமன்றம் 2002-லயே சொல்லிடுச்சு. நஷ்ட ஈடு வண்டிச் சொந்தக்காரர் தலையில. அடிபட்டவங்களுக்கு வர வேண்டிய பணம் வருஷக்கணக்கா இழுக்கும். நடக்க முடியாமப் போன பொம்பளைக்கு அதுவரைக்கும் யார் கஞ்சி ஊத்துவா?

தொப்பூர் டிங்கர்
சூளகிரி தம்பி, என் கருத்து: புதுசு எடு, ஏபிஎஸ், ஏர்பேக் ரெண்டும் இருக்கற மாடலா. பணம் போதலன்னா ஒரு வருஷம் வாடகை வண்டியில ஓட்டு. பழசைத்தான் எடுக்கறதுன்னா கேபின் தரையையும் போல்ட் இருக்கற இடத்தையும் துருவுக்குக் கொக்கி வச்சுக் குத்திப் பாரு, பெல்ட்டை இழுத்துப் பாரு. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவுல இருக்கற தட்டு பலமா இருக்கணும். பிரேக் அடிக்கும்போது லோடு முன்னாடி வந்து டிரைவர் முதுகுலதான் இடிக்கும். பெட்டிகளைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டு.

பாலக்கோடு லோடு
புதுசு எடுக்கட்டும், நான் தடுக்கல. மாசத் தவணையையும் நீங்களே கட்டுவீங்களா? அந்தப் பழசுல எங்க ஊர்ல பத்துக் குடும்பம் சாப்பிடுது. அக்கா கேட்டதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லாம இல்ல, வழிதான் இல்ல. நாலு மணிக்கு ஒரு மினி பஸ் விட்டா நான் ஏன் தொட்டியில ஆளை ஏத்தப் போறேன்?

காரிமங்கலம் செவிலி
மினி பஸ் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். நாலு தோட்டக்காரங்க சேர்ந்து ஒரு வேன் பேசினா ஒரு பெட்டி தக்காளிக்கு எவ்வளவு கூடும்னு கணக்குப் போட்டு இங்கயே எழுதுங்கண்ணா. சூளகிரி தம்பியும் பூ பறிக்கற ஆளுங்களுக்கு அதே கணக்கைப் போடட்டும். வண்டி எந்தக் கலர்னு அப்புறம் பேசலாம்.