தீபாவளித் தையல், தூக்கம், பைபோலார்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஊசிநூல் (மதுரை)

எனக்கு 38 வயது. வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். மனம் சில காலம் அளவு மீறி ஏறியும் சில காலம் இறங்கியும் போகும் பைபோலார் நோய் என்று தெரிந்து ஒன்பது வருடமாகிறது, அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். வருமானம் ஏறுகிற மாதமும் என் மனம் ஏறுகிற மாதமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன.

போன தீபாவளியைச் சொல்கிறேன். புரட்டாசிக் கடைசியில் ஜாக்கெட் துணிகள் கட்டுக்கட்டாகக் குவிந்தன. யாரையும் முடியாது என்று அனுப்ப மனம் வரவில்லை. முதல் இரண்டு இரவும் கண் எரிந்தது. மூன்றாம் இரவு எரிச்சலே இல்லை. மூன்று மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு ஐந்து மணிக்கெல்லாம் குளித்துத் தலை வாரி நிற்பேன். அந்தத் தெம்பே நோய் என்று அப்போது உறைக்கவில்லை. ஒருவரின் பட்டுத் துணி. அவர் கொடுத்த அளவு ஜாக்கெட் பக்கத்திலேயே கிடக்க, அதைப் பார்க்காமல் என் மனதில் தோன்றிய கழுத்தை வெட்டிவிட்டேன். கத்தரிக்கோல் பட்டில் ஓடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. துணிக்குப் பணம் கொடுத்துவிட்டேன். அவர் திரும்ப வரவேயில்லை.

கார்த்திகை அடைமழையோடு எல்லாம் இறங்கியது. மார்கழி முழுக்க வாசலில் நான் ஒரு புள்ளி வைக்கவில்லை. மாமியார்தான் கோலம் போட்டார்.

இந்த வருடம் தீபாவளி ஆர்டரே வேண்டாம் என்கிறார் கணவர். மகளின் பள்ளிக் கட்டணம் அந்தக் கூலியில்தான் கட்டுகிறோம். தொழிலை நான் விடுவதாக இல்லை. சீசன் வேலையும் பார்த்து, தூக்கத்தையும் காப்பாற்றுகிறவர்கள் சொல்லுங்கள்.

அச்சுக்காரர் (சிவகாசி)

தங்கச்சி, எனக்குப் பதினான்கு வருடமாக இருக்கிறது. காலண்டர் அச்சகத்தில் வேலை. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வந்துவிட்டால் மார்கழி வரை எங்களுக்கு இரவு ஷிப்டும் உண்டு. இரண்டு முறை அந்த ஷிப்டுதான் என்னை மருத்துவமனையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. பிறகு முதலாளியிடம், “இரவு விழிப்பு எனக்கு ஆகாது, ஞாயிறும் வருகிறேன், பகல் மட்டும் கொடுங்கள்” என்று கேட்டேன். நோயின் பெயரைச் சொல்லவில்லை. கொடுத்தார்.

உங்களுக்கு முதலாளி நீங்களேதான். எட்டு மணி நேரத்தில் லைனிங் ஜாக்கெட் எத்தனை முடியும்? அதைக் கையில் இருக்கும் நாட்களால் பெருக்குங்கள். அந்த எண் வந்ததும் ஆர்டர் நோட்டில் கோடு போட்டுவிடுங்கள். கொக்கி வைப்பதையும் ஹெம்மிங்கையும் வெளியே கொடுங்கள். கூலி கொஞ்சம் குறையும், இரவு உங்களுடையதாக இருக்கும்.

நான் தினமும் காலண்டர் தாளில் தூங்கிய மணியை எழுதுகிறேன். ஐந்துக்குக் குறைந்தும் அலுப்பே இல்லை என்று இரண்டு நாள் போனால், மூன்றாம் நாள் டாக்டருக்குப் போன். மாத்திரையை நானாகக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

வார்டு செவிலி (திருச்சி)

மனநல வார்டில் வேலை செய்கிறேன். அண்ணன் சொன்ன தூக்கக் கணக்கை நாங்களும் நோயாளிகளிடம் முதலில் கேட்போம். எனக்குக் கவலை உங்கள் சித்திரை வைகாசியைப் பற்றி. வியர்வையில் உப்பும் நீரும் போய்விட்டால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறிவிடும். இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் நிற்பவர் நீங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், டாக்டரைக் கேட்காமல் உப்பையும் திடீரென்று நிறுத்தாதீர்கள். தையல்காரர்களுக்கு இடுப்பு வலி வரும். மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள். அவையும் அளவை ஏற்றும்.

லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுப்பது கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. இரவு 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9 மணிக்கு. காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகுதான் அதை விழுங்க வேண்டும். கை நடுக்கம் கூடி, வாந்தி, பேதி, நடையில் தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் அடுத்த மாத்திரையை விழுங்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

டாக்டர் கிடைக்காத நேரத்தில் மனம் தாங்கவில்லை என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழில் பேசலாம்.

துணைவர் (சேலம்)

என் மனைவிக்கு இந்த நோய். உங்கள் கணவர் வேண்டாம் என்பது பயத்தில்தான் அம்மா; நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாக இருக்கும் நாளில் அவளே ஒரு தாளில் எழுதினாள்: தூக்கம் குறைந்தால் ஏடிஎம் கார்டை இவரிடம் கொடுத்துவிடுவேன், இவர் கூப்பிட்டால் டாக்டரிடம் வருவேன் என்று. பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதைக் காட்டினால் சண்டை வருவதில்லை, அது அவள் கையெழுத்து. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2017 மனநலச் சட்டத்திலும் இடம் இருக்கிறது.

ஊசிநூல் (மதுரை)

அண்ணா, கணக்குப் போட்டேன். ஞாயிறு தவிர 22 நாள், நாளுக்கு நான்கு, ஆக 88. போன முறை 130 வாங்கியிருந்தேன். நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுக் கணவரிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்துத் தெருவில் கொக்கி வைக்கும் பெண்ணிடம் தானே பேசுவதாகச் சொன்னார்.

செவிலித் தங்கைக்கு: இந்தச் சித்திரையில் ஒரு வாரம் ஊசிக் காதில் நூல் கோக்க வரவில்லை. நூல் முனை காதைச் சுற்றிச் சுற்றி ஆடும். மகளைக் கூப்பிட்டுக் கோக்கச் சொன்னேன். வெயில் களைப்பு என்றே நினைத்தேன். அப்போது இடுப்பு வலிக்கு வாங்கிய மாத்திரை அட்டை மெஷின் இழுப்பறையில் இன்னும் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், டைக்ளோஃபெனாக். நாளைக் காலை ரத்தம் கொடுக்கப் போகிறேன். அட்டையையும் டாக்டரிடம் காட்டுகிறேன்.