புதுப்பிப்பு: பழைய ஜீப்பில் புது ஆட்டோமேட்டிக் கியர் லிவர் – 'பார்க்'கில் ஸ்டார்ட் ஆகாத கோளாறு தீர்ந்தது

மண்டபம் ஊரில் வைத்திருக்கும் என் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் வெளியில் வாங்கிய கியர் லிவரைப் பொருத்தியதும், நியூட்ரலில் மட்டுமே ஸ்டார்ட் ஆகிறது, பார்க்கில் (வண்டி நகராமல் பூட்டும் நிலை) ஆகவில்லை என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

"சுவிட்சைத் (பார்க், நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆக விடுவது) தொடாதீர்கள், முதலில் கேபிளைச் (லிவரைக் கியர்பாக்ஸோடு இணைப்பது) சரிசெய்யுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. கேபிள் நட்டைத் தளர்த்தி, கியர்பாக்ஸில் கேபிள் இணையும் நெம்புகோலைப் பார்க் நிலைவரை முழுதாகத் தள்ளினோம். அங்கிருந்து இரண்டு 'டக்' பின்னால் வந்தால் நியூட்ரல். உள்ளே லிவரையும் நியூட்ரலில் நிறுத்தி நட்டை இறுக்கினோம். இப்போது பார்க், நியூட்ரல் இரண்டிலும் ஸ்டார்ட் ஆகிறது, வேறெதிலும் ஆகவில்லை. அதே சுவிட்ச் வழியே செல்லும் ரிவர்ஸ் விளக்கும் ஒழுங்காக எரிகிறது.

எதிர்பாராதது ஒன்று. லிவர் இன்னும் கனமாகவே இருந்தது. கழற்றிப் பார்த்தால், பழைய கேபிளின் கீழ்முனை ரப்பர் உறை கிழிந்து, உள்கம்பி முழுக்கத் துரு. விரலால் தேய்த்தாலே செதில் செதிலாக உதிர்ந்தது. உப்புக் காற்றின் வேலை. புதுக் கேபிள் போட்டு, சைலன்சர் குழாயில் படாமல் விலக்கிக் கட்டி, மறுபடி அதே முறையில் சரிசெய்தோம். லிவர் வழுக்கிக்கொண்டு போகிறது!

பாம்பன், தொண்டி, கீழக்கரைப் பக்கத்தவர்கள் லிவர் வாங்கும்போதே கேபிளையும் மாற்றிவிடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சரிவில் ஹேண்ட் பிரேக்கை விட்டு, பார்க் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே சாலையில் எடுங்கள்.