கிரெமோனா ஆயர் லியுட்பிராண்ட்: தோற்ற தூதரா, தோற்கவே அனுப்பப்பட்டவரா?

நெய்தல்:
ஜெர்மானியப் பேரரசர் முதலாம் ஒட்டோவின் தூதராக 968-இல் பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்குச் சென்ற கிரெமோனா ஆயர் லியுட்பிராண்டைத் தேர்ந்த அரசதந்திரி என்று புகழ்வதை என்னால் ஏற்க இயலவில்லை. ஒட்டோவின் மகனுக்குப் பைசாந்திய இளவரசியைப் பெண் கேட்கச் சென்றவர், ஜூன் 4 முதல் அக்டோபர் 2 வரை அங்கிருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். வாங்கி வைத்திருந்த ஊதாப் பட்டுகளையும் அதிகாரிகள் பறித்துக்கொண்டனர். பல்கேரியத் தூதருக்குத் தம்மைவிட மேலான இருக்கை தரப்பட்டதற்காக, சம்பந்தம் பேசப் போன இடத்தில் பந்தியை விட்டு எழுந்து போனவரை வேறு எப்படி மதிப்பிடுவது?

கல்வெட்டு:
அவர் போய்ச் சேருவதற்கு முன்பே காரியம் கெட்டிருந்தது, நண்பரே. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் ஒட்டோவின் படை தென் இத்தாலியில் பைசாந்தியர் வசமிருந்த பாரி நகரை முற்றுகையிட்டு, பிடிக்க முடியாமல் விலகியிருந்தது. பெண் வேண்டுமென்றால் ரோமையும் ராவென்னாவையும் தாருங்கள் என்று பைசாந்தியப் பேரரசர் நிகெஃபோரஸ் ஃபோகாஸ் தரப்பு கேட்டது. இது போதாதென்று, தம்மை ரோமானியரின் பேரரசராகவே கருதிய நிகெஃபோரஸைக் 'கிரேக்கரின் பேரரசர்' என்று விளித்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் யோவான் அனுப்பிய கடிதம் ஆகஸ்டில் வந்து சேர, அதைக் கொண்டுவந்தவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். பந்தி விஷயத்துக்கு வருகிறேன். அந்த இருக்கையை அவர் ஏற்றிருந்தால், தம் பேரரசர் பல்கேரிய மன்னருக்குக் கீழானவர் என்று ஒப்புக்கொண்டதாகவே அந்த அவை எடுத்துக்கொண்டிருக்கும்.

நெய்தல்:
நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி அவருடைய அறிக்கையிலிருந்தே வருகிறது. நிகெஃபோரஸைக் குள்ளர் என்றும், அவர் கண்கள் அகழெலியின் கண்கள் என்றும், மதுவில் கீலும் பிசினும் கலந்திருந்தன என்றும் புலம்பும் ஓர் அறிக்கை அது. இதே மனிதர் 949-இல் இத்தாலிய ஆட்சியாளர் பெரெங்காருக்காக அங்கே சென்றபோது, பெரெங்கார் பரிசு எதுவும் கொடுத்தனுப்பாததால் தம்முடைய பரிசுகளையே பெரெங்கார் அனுப்பியவை என்று கூறிச் சமர்ப்பித்தார். பின்னர் பெரெங்காரைப் பகைத்து, ஒட்டோவின் ஆதரவில் அவரை வசைபாடி நூல் எழுதினார். யாரிடம் பணி செய்கிறாரோ அவருக்கேற்பச் சாட்சியமும் மாறுகிறது.

திணைமயக்கம்:
ஒரு சிறு குறிப்பு. லியுட்பிராண்டின் தந்தையும் மாற்றாந்தந்தையும்கூட அதே நகருக்குத் தூது சென்றவர்கள். கிரேக்கம் அறிந்த ஆயர் கிடைப்பதே அரிது என்னும்போது, ஒட்டோ அவருடைய குணத்தை ஆராய்ந்துகொண்டிருந்திருப்பாரா என்பது ஐயமே.

கல்வெட்டு:
அறிக்கை சார்புடையது என்பதை நான் மறுக்கவில்லை. அது ஒட்டோவின் அவைக்காக எழுதப்பட்டது. தென் இத்தாலியில் போரைத் தொடருமாறு அவையைத் தூண்டுவதற்கு அந்த வசைகள் நன்றாகவே பயன்பட்டிருக்கும். ஆனால் 969 டிசம்பரில் நிகெஃபோரஸ் கொல்லப்பட்டு ஜான் சிமிஸ்கெஸ் அரியணை ஏறியதும் என்ன நடந்தது? சிமிஸ்கெஸின் உறவினளான தியோஃபானு 972 ஏப்ரல் 14 அன்று ரோமில் ஒட்டோவின் மகன் இரண்டாம் ஒட்டோவை மணந்தாள். தடையாக இருந்தது அரியணையில் இருந்தவரே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நெய்தல்:
தியோஃபானு ஆளும் பேரரசருக்கு அரண்மனையில் பிறந்த மகள் அல்லள். அவளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று ஒட்டோவின் அவையிலேயே சிலர் கூறினர். லியுட்பிராண்ட் கேட்டதோ முந்தைய பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ரோமானோஸின் மகளை. ஆகவே, அவர் கேட்டது கடைசிவரை கிடைக்கவில்லை. மேலும், தியோஃபானுவை அழைத்துவரச் சென்ற தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கொலோன் பேராயர் கேரோ. கிரேக்கமும் அந்த அரண்மனையும் நன்கு தெரிந்த ஒருவர் கைவசம் இருந்தும் ஒட்டோ அந்தப் பொறுப்பை ஏன் இன்னொருவரிடம் ஒப்படைத்தார் என்பதற்குக் கல்வெட்டு விடை சொல்லட்டும்.