மேனேஜரும் அவர் டீமில் இருப்பவரும் காதலித்தால், கோடு எங்கே?

கிண்டி எச்.ஆர்.
140 பேர் உள்ள ஐ.டி. அலுவலகம். ஊழியர்களுக்குள் காதல் பற்றிக் கொள்கையில் ஒரு வரிகூட இல்லை. முதலாளி, "மொத்தமாகத் தடை போடு" என்கிறார். இருவரும் சம்மதித்திருந்தால், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் கமிட்டி தலையிடலாமா?

வழக்குக்கட்டு
தடை போட்டால் காதல் நிற்காது, வந்து சொல்வதுதான் நிற்கும். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டு போஷ் சட்டமும் காதலைத் தடுக்கவில்லை. விரும்பாத நடத்தையா என்று பார்க்கிறது. சலுகை தருவதாகவோ, வேலைக்கு ஆபத்து என்றோ ஜாடையாகச் சொல்லியிருந்தாலும் பிரிவு 3-இல் மாட்டும். "சரி" என்றவருக்கு "முடியாது" என்று சொல்ல இடம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

கோட்டைப் பதவியை வைத்துப் போடாதீர்கள். ரேட்டிங், லீவ், ஷிப்ட், ஆன்சைட் பட்டியல், இதில் ஒன்றில் கை இருந்தாலும் அது அதிகாரம்தான். ஆர்கனைசேஷன் சார்ட்டில் நேர்க்கோடு இல்லாத பிராஜெக்ட் லீடு இங்கேதான் நழுவிவிடுவார். கான்ட்ராக்ட் ஊழியர், பயிற்சியாளர்களையும் சேருங்கள். சட்டப்படி அவர்களும் ஊழியர்களே.

ரோஸ்டர் ராணி
உறவை மேலே இருப்பவர்தான் எச்.ஆருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் என்று வையுங்கள். எப்போது ஆரம்பித்தது, எதுவரை போனது என்றெல்லாம் எச்.ஆர். துருவக் கூடாது. மாற வேண்டியவரும் மேலே இருப்பவரே. வழக்கமாக ஜூனியரைத் தூக்கிப் பெஞ்சில், அதாவது பிராஜெக்ட் இல்லாமல், போடுகிறார்கள். பில்லிங் போகும், ரேட்டிங் சரியும், கடைசியில் ராஜினாமா.

இன்னொன்று: ரிப்போர்ட்டிங்கை மாற்றிய பிறகும் லீவ் அப்ரூவல் டூலில் பழைய மேனேஜர் பெயரே கிடக்கும். அன்றைக்கே மாற்றுங்கள்.

பெரிய தலை என்று விதிவிலக்கும் வேண்டாம். மெக்டொனால்ட்ஸ் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக் 2019 நவம்பரில் பதவி இழந்ததற்கு அப்போது சொன்ன காரணம், ஊழியர் ஒருவருடன் சம்மதத்தோடு இருந்த உறவுதான்.

வழக்குக்கட்டு
பிரிந்த பிறகுதான் சிக்கல் அதிகம். நேற்றைய சம்மதம் இன்று வரும் மெசேஜுக்குச் செல்லாது. "காதலித்தவர்கள்தானே" என்று புகாரை மூடாதீர்கள். கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் புகார் தரலாம். தகுந்த காரணம் இருந்தால் கமிட்டி மேலும் 3 மாதம் வரை நீட்டலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை அந்த மேனேஜர் புகார் தந்தவருக்கு ரேட்டிங் போடாமல் தடுக்கவும், அவருக்கு 3 மாதம் வரை விடுப்பு தரவும், அவர் எழுத்தில் கேட்டால் கமிட்டி பரிந்துரைக்கலாம். சமரசம் அவர் கேட்டால் மட்டும், பணம் பேசக் கூடாது. நிரூபிக்க முடியாத புகாரைப் பொய்ப் புகார் என்று எழுதிவிடாதீர்கள்.

இந்தச் சட்டத்தில் ஆண்கள் புகார் தர வழியில்லை. அதற்கு உங்கள் கொள்கையில் தனிப் பிரிவு வேண்டும்.

கிண்டி எச்.ஆர்.
ஒரே டீம்தான், மாற்ற வேறு இடமே இல்லையென்றால்?

ரோஸ்டர் ராணி
ஆளை விட்டு அதிகாரத்தை மாற்றுங்கள். ரேட்டிங், இன்கிரிமென்ட், லீவ் மூன்றும் டெலிவரி ஹெட் கைக்கு. மேனேஜரிடம் அன்றாட வேலை ஒதுக்கீடு மட்டும். அப்ரைசல் பாதியில் நின்றால் முழு ஆண்டையும் ஹெட்டே போடட்டும்.