கடாரத்துக் கதையில் வரும் பத்தருக்கு ஒரு சாதாரண நாள் எப்படி இருந்திருக்கும்?

கேள்வி – பட்டர்வொர்த் வாசகன்
வணக்கம். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முந்தைய கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த ஒரு பத்தர், அதாவது பொற்கொல்லர்தான் நாயகன். புயலும் கொள்ளையும் தாமாகவே வந்துவிடுகின்றன. ஆனால் அவர் காலையில் எழுந்து என்ன செய்வார், என்ன சாப்பிடுவார் என்ற இடத்தில் எழுத்து நின்றுவிடுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – கோலாலம்பூர் அக்கா
தம்பி, முதலில் மிளகாய், தக்காளி, பப்பாளி, அன்னாசி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எல்லாமே ஐரோப்பியரோடு வந்த அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்ததே 1511இல்தான். காரத்துக்கு மிளகு இருக்கிறது. குறுந்தொகை 167ஆம் பாட்டில் ஒரு பெண் தயிர் பிசைந்த விரலோடு, தாளிப்புப் புகை கண்ணில் பட, புளிக்குழம்பு வைக்கிறாள். அந்த அடுப்படி போதும். ரப்பர் தரும் பால்மரமும், எண்ணெய் எடுக்கும் செம்பனையும்கூட வேண்டாம். ரப்பர் கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தது 1877இல்.

பதில் – ஜார்ஜ்டவுன் பத்தர் வீட்டுப் பிள்ளை
தம்பி, உங்கள் ஆளை அவருடைய சாமான்களிலிருந்து தொடங்குங்கள். என் தாத்தா பினாங்கு ஸ்திரீட் பக்கம் பட்டறை வைத்திருந்தவர். காலையில் முதல் வேலை உமியோட்டில், அதாவது உமி போட்ட சட்டியில், தணல் மூட்டுவது. அப்புறம் ஊதுகுழல், குறடு, பொன் உருக்கும் மூசை, சின்னத் தராசு, எடைக்குக் குன்றிமணி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வரிசையாக வரும். பட்டறையைக் கூட்டிய மண்ணைக்கூட வெளியே கொட்ட மாட்டார். அலசி அரித்துப் பொன்தூளை எடுத்துவிடுவார். இந்தக் கவனம் உங்கள் நாயகனின் கையில் தெரிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், பொன்னை உரசித் தரம் பார்க்கும் உரைகல். தெற்குத் தாய்லாந்தின் குலோங் தோமில் ஒரு சிறு உரைகல் கிடைத்திருக்கிறது. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழைய தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்', அதாவது பெரும்பத்தனின் கல் என்று வெட்டியிருக்கிறது. கடல் கடந்து வந்த ஒரு மனிதர் தன் கல்லில் பெயர் போட்டு வைத்திருக்கிறார்! கல் கை மாறினால் மதிப்பே போச்சு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் கதைக்கு இதைவிடப் பெரிய புயல் தேவையா? மாம்பூவின் தாதைக் கோதும் குயில், பொன் உரைத்த கல்லைப் போல இருக்கிறது என்கிறது குறுந்தொகை 192. அவர் கண் உலகத்தை அப்படித்தான் பார்த்திருக்கும்.

வாடிக்கையாளருக்குப் பட்டினப்பாலையைப் பாருங்கள். உணவை உலர்த்தும் பெண், கொத்த வந்த கோழியின்மேல் கனத்த காதணியைக் கழற்றி எறிகிறாள். அது குழந்தைகள் உருட்டும் மூன்று சக்கரத் தேருக்குக் குறுக்கே கிடக்கிறது. அந்தக் காதணி வளைந்தால் சரிசெய்ய யாரிடம் வருவாள்?

கேள்வி கேட்டவர்
ரொம்ப நன்றி அண்ணே. அவர் கடாரத்தில் எத்தனை நாள் தங்கியிருப்பார்?

பதில் – சுங்கைப்பட்டாணி
காற்று மாறும் வரை தங்கித்தான் ஆக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்தால், வடகிழக்குக் காற்று வரும்வரை ஊர் திரும்ப முடியாது, மாதக்கணக்கில் ஆகும். அதனால் கூரை வேயட்டும், உள்ளூர்ப் பேச்சு கற்கட்டும், கடன் கொடுக்கட்டும். கெடாவின் சுங்கை பத்துவில் அந்தக் கால இரும்பு உருக்கியவர்களின் துருத்திக் குழாய்கள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. கரி வாங்க அவரை அங்கே அனுப்புங்கள்.