மூன்று தலைமுறை உள்ள வீட்டில் குடும்ப ஜெபம்: எல்லாரும் பங்கெடுக்க என்ன செய்யலாம்?

பொருநைக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீட்டில் அத்தைக்கு (மாமியார்) 78 வயது. பையன் 9-ஆம் வகுப்பு, மகளுக்கு 6 வயது. ராத்திரி சாப்பாடு முடிந்து 9:30-க்கு ஜெபத்துக்கு உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் ஆகிறது. சின்னவள் பாதியில் தூங்கிவிடுகிறாள். பையன் வாயே திறப்பதில்லை. அத்தைக்கு வாசிப்பது சரியாகக் காதில் விழுவதில்லை. அவரவர் தனியாக ஜெபித்துக்கொண்டால் போதாதா என்று கேட்கிறார்கள். எனக்கு நிறுத்த மனமில்லை. எந்த ஒழுங்கில், எவ்வளவு நேரம் நடத்தலாம்? சனிக்கிழமைகளில் துபாயிலிருந்து நாத்தனார் குடும்பம் வீடியோ காலில் சேருவார்கள், அதற்கும் வழி சொல்லுங்கள்.

ஓய்வுநாள்பள்ளி டீச்சர்

நிறுத்தாதீங்க சிஸ்டர். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார் (2 தீமோ. 1:5). பாட்டி ஜெபிப்பதைக் காதால் கேட்டு வளர்கிற பிள்ளைக்குக் கிடைப்பதை எந்தப் புத்தகமும் கொடுக்காது.

முதலில் நேரத்தை மாற்றுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என்பதுதான் பாதிப் பிரச்சினை. 7:30-க்கு, சாப்பிடும் முன் வையுங்கள். 20 நிமிடம் போதும். பாட்டு இரண்டு சரணம், 4 நிமிடம். சங்கீதத்துக்கு (வேதத்தில் உள்ள துதிப் பாடல்) 3 நிமிடம், வேத வாசிப்புக்கு 5, விண்ணப்பங்களுக்கு 6, கர்த்தருடைய ஜெபத்துக்கும் ஆசீர்வாதத்துக்கும் 2.

சங்கீதத்தை ஒருவர் வாசித்து மற்றவர் கேட்பதாக வைக்காதீர்கள். 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனம், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடிகிறது. அத்தை முன்பாதியைச் சொல்லட்டும், மற்ற எல்லாரும் பின்பாதியை. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிற 6 வயதுப் பிள்ளைக்குக்கூட மூன்றாம் வசனத்துக்குள் பிடிபட்டுவிடும். 26 அதிகமானால் முதல் 9 வசனத்தோடு நிறுத்தலாம். பிறகு 117 (இரண்டே வசனம்), 100, 121, 23 என்று போங்கள். ஒரு சங்கீதத்தை ஒரு வாரம் முழுக்கச் சொன்னால் மனப்பாடம் தானாக வரும்.

வாசிப்புக்கு மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரம்தான், சம்பவம் சம்பவமாகப் போகும். நாளுக்கு 12 வசனம் என்றால் ஏறக்குறைய இரண்டு மாதம். லேவியராகமத்தில் தொடங்கினால் பிள்ளைகள் ஒரு வாரத்தில் விலகிவிடுவார்கள்.

விண்ணப்பத்தில்தான் பெரியவர்கள் தவறுகிறோம். "ஆண்டவரே, இவன் போனைக் கீழே வைக்கவே மாட்டேங்கிறான், நீரே இவனைத் திருத்தும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் அது ஜெபம் இல்லை, ஆண்டவரைச் சாட்சிக்கு வைத்துத் திட்டுவது. பிள்ளை அடுத்த நாளிலிருந்து வாயை மூடிக்கொள்ளும். கண்டிக்க வேண்டியதை ஜெபத்துக்கு வெளியே கண்டியுங்கள். ஜெபத்தில் ஆளுக்கு ஒரு நன்றி, ஒரு விண்ணப்பம், அவ்வளவுதான். வீட்டுத் தலைவருக்கும் அதே அளவு.

பழையதிருப்புதல்

டீச்சர் சொன்னதோடு ஒன்று. ஆங்கில மீடியம் பிள்ளைகளுக்குப் பழைய திருப்புதலின் (பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பு) எழுத்தை விட அர்த்தம்தான் இடறும். "பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்" (சங். 127:3). இன்றைய பிள்ளை இதை விடுதலை என்று எடுத்துக்கொள்ளும். அங்கே அது பரம்பரைச் சொத்து, உரிமைப் பங்கு. 117-இல் "ஜாதிகளே, எல்லாரும் கர்த்தரைத் துதியுங்கள்" என்பது உலகத்து மக்களினங்களை அழைக்கிறது. விளக்காமல் விட்டால் பையன் அதைச் சாதி என்றே படிப்பான், அது பெரிய கேடு.

இந்த மாதிரிச் சொல்லை நாளுக்கு ஒன்று அத்தையே விளக்கட்டும். இதற்காகத் திருப்புதலையே மாற்ற வேண்டாம். வாசிப்புக்கு எளிய மொழிபெயர்ப்பு எடுங்கள். சேர்ந்து சொல்கிற சங்கீதமும் கர்த்தருடைய ஜெபமும் அத்தைக்கு மனப்பாடமான வாசகத்திலேயே இருக்கட்டும்.

ஜெபமாலை மாதா

கத்தோலிக்க வீடுகளின் வழக்கத்தையும் சொல்கிறேன், முறை உதவும். 53 மணி ஜெபமாலையில் ஐந்து பத்து மணிகள். பத்துக்கு ஒருவர் தொடங்க, மறுபாதியை எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஐந்து பேருக்கு ஐந்து பத்து. சின்னப் பிள்ளை விரலால் மணியைத் தள்ளி எண்ணிக்கொண்டே தன் பத்தை நடத்திவிடும். முழுதும் சொல்ல 20 நிமிடம். கைப்பிள்ளை இருந்தால் தினமும் ஒரு பத்து மட்டும், அக்டோபரில் முழுதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கேயும் வாசகச் சிக்கல் உண்டு. மணிக்கு மணி சொல்கிற மரியாள் ஜெபம் பாட்டிக்குப் பழைய வாசகத்தில் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே", பேத்திக்குப் புதிய வாசகத்தில் "அருள் நிறைந்த மரியே". ஆளுக்கொரு விதமாகப் பதில் சொன்னால் நடுவில் முட்டிக்கொண்டு எல்லாரும் நின்றுவிடுவார்கள். யார் தொடங்குகிறாரோ அவர் வாசகத்திலேயே பதில் என்று முடிவு செய்யுங்கள். பாட்டியின் பத்தில் "சர்வேசுரனுடைய மாதாவே", பேத்தியின் பத்தில் "இறைவனின் தாயே". ஒரு மாதத்தில் இருவருக்கும் இரண்டும் வரும்.

பொருநைக்கரை

ரொம்ப நன்றி. அத்தைக்கு இப்போது மறதியும் ஆரம்பித்திருக்கிறது. சங்கீதத்தை நடத்தச் சொன்னால் நடுவில் தடுமாறிச் சங்கடப்படுவாரோ என்று பயம். பையனை எப்படிப் பேச வைப்பது?

மாலைமணி

மறதி வந்த பலருக்கு, இளமையில் மனப்பாடம் செய்த சங்கீதமும் பாட்டும் நேற்று நடந்ததை விட நன்றாக நினைவில் இருக்கும். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று நீங்கள் எடுத்துக்கொடுத்து நிறுத்துங்கள். ஐந்தாறு விநாடி காத்திருங்கள். பெரும்பாலும் அவரே முடிப்பார். வரவில்லை என்றால் அடுத்த இரண்டு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். "மறந்துட்டீங்களா அத்தை" என்று மட்டும் கேட்க வேண்டாம். வாசிப்பவர் அவருக்குப் பக்கத்தில் இல்லாமல் எதிரே, முகத்தில் வெளிச்சம் படும்படி உட்காரட்டும். மின்விசிறியைக் குறைத்து வையுங்கள். கத்துவதை விட நிறுத்தி நிறுத்தி வாசிப்பது காதுக்கு எட்டும். முழங்கால்படியிட முடியாதவருக்கு நாற்காலி போடுங்கள், பிள்ளைகள் அவர் காலடியில் பாயில் இருக்கட்டும்.

பையனுக்குக் குரல் உடைகிற வயது. பாடாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பாட்டைத் தாழ்ந்த சுருதியில் எடுங்கள், அத்தைக்கும் அதுதான் சுலபம். சத்தமாக ஜெபிக்கக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரு நோட்டைக் கொடுத்து, வீட்டார் சொல்லும் விண்ணப்பங்களைத் தேதி போட்டு அவனை எழுதச் சொல்லுங்கள். எதிரே ஒரு பத்தி காலியாக இருக்கட்டும், பதில் கிடைத்த நாளை எழுத. ஜெப நேரத்தில் அந்தப் பட்டியலை வாசிப்பது அவன் பொறுப்பு. வாசிப்பதும் ஜெபம்தான்.

வீடியோ காலில் சேர்ந்து பாடவோ சேர்ந்து சொல்லவோ முடியாது. சத்தம் தாமதமாக வருவதால் ஒவ்வொரு வரியும் இழுபடும். நடத்துகிறவர் மைக் மட்டும் திறந்திருக்கட்டும், மற்றவர்கள் மியூட்டில் கூடவே சொல்லட்டும். 136-ஐ அந்த நாளில் தவிர்த்துவிடுங்கள். வேத வாசிப்பைத் துபாய் வீட்டாருக்கும் விண்ணப்பப் பட்டியலை உங்கள் வீட்டுக்கும் கொடுங்கள். கடைசி ஆசீர்வாதத்துக்கு எல்லாரும் மியூட்டில் இருக்க, அத்தை மட்டும் பேசட்டும். அங்கே உள்ள பேரப்பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். மறக்காமலிருக்கப் பெயர்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.